மூடியில் விழுந்தது

பக்கத்து வீட்டு வக்கீல் கொண்டுவந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ஒரு ராஜா அழுதுகொண்டிருந்தார். வழவழப்பான தாள், அட்டையில் நெருப்பு கக்கும் டிராகன், உள்ளே உலகம் அழியப்போகிறது என்றொரு தீர்க்கதரிசனம். நான் அதோடு மூடி அவர் பக்கமே தள்ளினேன்.

"படிச்சே பாக்கலையே நீங்க," என்றார்.

"முதல் நாளே உலகத்தக் காப்பாத்திட்டா அடுத்த வாரம் என்ன பண்றதாம்? துணி காயப்போடறதா?"

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு பிற்பகல்தோறும் நடக்கிற ஆட்டம் இது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு கற்பனை உலகம். அதில் எங்கே என்ன இருக்கிறது என்று சொல்வது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு தாளில் ஒரு வீரனையோ திருடியையோ மந்திரவாதியையோ எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். பிழைத்தானா செத்தானா என்பதைப் பகடை சொல்லும். போன மாதம் என் அண்ணன், 'திறக்காதே' என்று எழுதியிருந்த கதவைத் திறந்தான். பூட்டுக்கடை வைத்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா? வருஷக்கணக்கில் வளர்த்த ஆட்கள் மொத்தமும் காலி. அதே உலகத்தில் புது ஆட்களோடு அடியிலிருந்து தொடங்க வேண்டும். எதில் தொடங்குவது என்று முடிவுசெய்யத்தான் அன்று கூடியிருந்தோம்.

அண்ணன் தன் கையாலேயே ஒரு கோபுரம் வரைந்து கொண்டுவந்திருந்தான். எண்ணிப் பார்க்கவே அலுப்பாக இருந்தது, அத்தனை கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு விளக்கம்.

"உன் கடையில உக்காந்தா இதேதானே நடக்குது? இதுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை?" என்றேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

கடைசியாக என் மகன். இணையத்திலிருந்து இறக்கி, அச்சடித்து, ஓரத்தில் பின் குத்தியே கொண்டுவந்துவிட்டான். வியாபாரியின் வண்டிக்குக் காவலாகச் சந்தைக்குப் போக வேண்டும். வழியில் கொள்ளைக்காரர்கள் வருவார்கள், அதட்டினால் ஓடிவிடுவார்கள். அடிபட்டால் மயக்கம் மட்டும்தான் வருமாம், சாவு கிடையாதாம். சந்தையில் எல்லோருக்கும் பரிசு வேறு.

"இது சாகசமா, சுற்றுலாவா? சாவு இல்லேன்னா பகடை எதுக்குடா? வீட்டுக்குள்ள பல்லாங்குழி ஆடலாமே."

"எல்லாருமே உன்ன மாதிரி கல்நெஞ்சா இருப்பாங்களாம்மா?" என்றான் அவன்.

பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அன்றுதான் புதிது. விமான நிலையத்தில் தொலைந்துபோன பெட்டிகளுக்குப் பதில் சொல்லும் கவுன்டரில் வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு, வாங்காத மாதிரி ஒரு சிரிப்போடு எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்தக் கவுன்டர் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அன்றும் அதே சிரிப்புதான்.

"அத்தை, நீங்க எத எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

நான் என்னுடையதைச் சொன்னேன். தொடக்கம் என்றால் ஒரு குழி. குழிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். ஊரில் அந்தக் குழியைப் பற்றிப் பொய் சொல்ல நாலு பேர். இங்கே அது இடிந்த மாவு ஆலையின் நிலவறை. மேலே ஓட்டை, உள்ளே இருட்டு, கொஞ்சம் நகை, கொல்லக்கூடிய ஏதோ ஒன்று. போவதும் போகாததும் அவரவர் இஷ்டம். ராஜா யாரும் வந்து அழமாட்டார்.

"இது நல்லாருக்கு," என்றாள். மற்ற மூன்று பேரும் தாங்கள் கொண்டுவந்ததை எடுத்துக் கீழே வைத்தார்கள்.

டீ போட உள்ளே போனபோது மகன் பின்னாலேயே வந்தான்.

"அம்மா, அவள ஒண்ணும் பண்ணிடாத. ரெண்டு மாசமா கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன். முதல் நாளே செத்துட்டா அப்புறம் வரமாட்டா."

"வராட்டிப் போகட்டும்."

"அவ வரலேன்னா நானும் வரமாட்டேம்மா. வாரத்துல எங்களுக்குக் கெடைக்கறதே ஒரு நாள்தான். அவள வீட்டுல விட்டுட்டு இங்க வந்து உக்கார முடியுமா, சொல்லு?"

கெட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர்கள் இரண்டு பேரும் போனால் மிச்சம் பூட்டும் வக்கீலும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு மேசை நடத்த முடியாது. என் உலகம் அத்தோடு முடிந்தது. இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான். அது போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

"பகடை இருக்கு, அது பாத்துக்கும். போய் உக்காரு," என்றேன்.

பகடையைப் பற்றி எங்கள் மேசையில் ஒரே சட்டம். நான் மறைப்பு வைத்துக்கொண்டு உருட்டுகிற ஆள் இல்லை. மேசை நடுவில் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தின் மூடியைத் தட்டு மாதிரி மல்லாத்தி வைத்திருப்போம். யார் உருட்டினாலும் அதில்தான், எல்லோர் கண் முன்னாலும். மூடியில் விழுந்தது விழுந்ததுதான். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். "வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று கொஞ்சுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "வலிக்கும், அசையாதீங்க" என்பேன். காட்டேரி என்று பட்டப்பெயரே உண்டு, அங்கேயும் இங்கேயும்.

ஆட்டம் தொடங்கியது. ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆண்பிள்ளைகள் மூவரும் ஓட்டையைச் சுற்றி நின்று பேச ஆரம்பித்தார்கள். யார் முன்னால், யார் பின்னால், விளக்கு யார் கையில், கயிறு எத்தனை முழம். அண்ணன் நீளக் கம்பால் தரையைத் தட்டிப் பார்த்தான். வக்கீல் அதற்கு ஓர் ஆட்சேபணை சொன்னார். இத்தனை வருஷம் ஆடி இவர்கள் கற்றுக்கொண்டது இதுதான், பயப்படுவதை விளக்கமாகச் செய்வது.

"நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க. என் திருடி இறங்கிட்டா," என்றாள் மருமகள்.

"அடியே, இரு!" என்று பதறினான் என் மகன்.

உள்ளே உடைந்த எந்திரக் கல், அதன் அடியில் ஏதோ மின்னுகிறது என்றேன். கையை விட்டு எடுக்கிறாள் என்றாள். கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தது. நான் உருட்டினேன், கடி விழுந்தது. விஷம். பன்னிரண்டோ அதற்கு மேலோ போட்டால் பிழைப்பாள்.

இருபது முகப் பகடையை எடுத்து உருட்டினாள். அது மூடியின் விளிம்பில் மோதி, சுற்றி, என் பக்கமாக வந்து நின்றது. நாலு. மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் என் கை அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"சாஞ்சு நின்னுச்சு. விளிம்புல பட்டிருச்சு. மறுபடி போடு," என்றேன்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் மந்திரவாதி சாகறப்ப பகடை கீழ விழுந்து பீரோவுக்கு அடியில போச்சு. டார்ச் அடிச்சு, குப்புறப் படுத்துப் பாத்து, செத்தாச்சுன்னு சொன்னவங்க நீங்க."

"இன்னிக்கு மூடி கோணல்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றான் அண்ணன், பிஸ்கட்டை மென்றுகொண்டே.

மகன் எனக்கு நன்றி சொல்கிற மாதிரி பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிவிட்டு, கொள்ளைக்காரன் அதட்டினால் ஓடுகிற ஆட்டத்தை நானே நடத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அத்தை, கைய எடுங்க," என்றாள் மருமகள்.

"நீ புதுசும்மா, சும்மா..."

"எடுங்க." சிரிப்பு போயிருந்தது. அதற்குள் இருந்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "உங்க பொட்டி கெடைச்சிரும், கவலப்படாதீங்கன்னு நான் தெனம் நூறு பேர்ட்ட சொல்றேன். கெடைக்காதுன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். அந்த மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத நீங்க எனக்குக் காட்டாதீங்க. இந்த வீட்டுல பொய் சொல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சுத்தான் வந்தேன்."

கையை எடுத்தேன். நாலு, எல்லோரும் பார்த்தார்கள்.

"செத்தாச்சு," என்றேன்.

அவள் தாளை நாலாக மடித்தாள். செத்தவர்களின் தாள்களை நாங்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்போம். சுடுகாடு என்று அதற்குப் பெயர். எங்கே என்று கேட்டு, தானே எழுந்துபோய், டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு வந்தாள். மகன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

"சரி, வா, கிளம்பலாம்," என்றான் மெதுவாக.

"எங்க? எனக்கு இன்னொரு தாள் குடுங்க அத்தை." பேனாவைத் திறந்து உட்கார்ந்தாள். "கல்லுக்கு அடியில பாம்பு இருக்கறது எனக்குத் தெரியும். ஆனா இப்ப வர்ற புது ஆளுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றேன்.

"அப்ப இவரு முன்னாடி போகட்டும்," என்று புருஷனைக் காட்டினாள். வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார்.

மகன் சாவியைத் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவனுடைய வீரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், கல்லை நெருங்கினான். பாம்பு இன்னும் அங்கேயேதான் இருந்தது. பகடையை எடுத்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மூடியில் உருட்டினான். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.