ஒரு கரண்டி வெண்ணெய்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலை தவறிவிட்டேன் என்று பிறகு யாரும் குறைப்படக் கூடாது.

ஒரு வார இதழின் ஆசிரியர் போனில் அழைத்தார். “பால், தயிர், முட்டை, தேன்கூட தொடாத ஆளுங்க இருக்காங்களே, வீகன்னு. அவங்க வெளிநாடு போனா சாப்பாட்டுக்கு என்ன பாடு படுவாங்க, அதை ஜாலியா ஒரு கதை பண்ணிக் குடுங்க. படிக்கிறவங்க விழுந்து விழுந்து சிரிக்கணும்” என்றார். எனக்கு அப்படி ஒருத்தியைத் தெரியும். கால்நடை மருத்துவர். போய்விட்டு வந்து, நடந்ததை என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் ஆசிரியரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் தொடக்கம்: “விமானப் பணிப்பெண் நீட்டிய தட்டிலிருந்து ஆம்லெட் அவளைப் பார்த்துக் கண்ண—”

ஆம்லெட் கண்ணடிக்காது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “பசியும் ஒரு நாடுதான். அதற்கு விசா—”

இது அதைவிடக் கேவலம்.

மூன்றாவது: “டாக்டரின் அக்காவுக்கு ஆபரேஷன்.” இது நிஜம். இங்கிருந்தே போகலாம்.

2

அக்கா வெளிநாட்டில் குடியேறிப் பல வருடமாகிறது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன் செய்து, “நீ பக்கத்துல இருந்தா போதும் பொடி, மத்ததெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல” என்றாள். வீட்டில் டாக்டருக்கு இன்னமும் பெயர் பொடிதான். பொடி லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

விமானத்தில் ‘சைவம்’ என்று கேட்டு வாங்கிய தட்டில் பாலாடைக்கட்டி இருந்தது. (நம்முடைய சைவத்தில் பால் ஒரு பொருட்டே கிடையாது. தண்ணீரைப் போல அதுவும் தானாக வருகிறது என்று நினைப்பு.) தட்டில் கிடந்த வெள்ளரித் துண்டுகளைத் தின்றுவிட்டுத் தூங்கினாள்.

நடுவே விமானம் மாற வேண்டிய ஊரில் ஒரு சின்ன உணவகம். அந்த ஊர் மொழியில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்: பால், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் வேண்டாம். பரிமாறுகிறவர் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்தார். வேகவைத்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் கொண்டுவந்து வைத்து, எண்ணெய்க் குப்பியைக் காட்டித் தலையசைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. “அப்போ என்னதான் சாப்பிடுவீங்க?” என்று கேட்கவில்லை. “கீரைக்கும் உயிர் இருக்கே” என்று மடக்கவில்லை.

ஆசிரியரே, இந்த இடத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. மன்னிக்கவும்.

3

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஒரு பால் பண்ணை, கன்றை இழுத்துக்கொண்டு போன வண்டி, அது போன திசையைப் பார்த்து நாள் பூராவும் கத்திக்கொண்டு நின்ற மாடு, அந்த மாட்டுக்கு ஊசி போடப் போன இவள்—

நீக்கிவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது, அதனால்தான் நீக்கினேன். படித்துவிட்டு, சரி, நியாயமான காரணம்தான், பிழைத்துப் போகட்டும் என்று நீங்கள் முத்திரை குத்துவீர்கள். ஒருத்தி தன் வாயில் எதைப் போடுவது என்பதற்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?

4

அக்கா வீட்டுக்காரர். டாக்டருக்கு மாமா. நல்ல மனுஷன், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அவரைக் கெட்டவராக எழுத இரண்டு முறை முயன்றேன். ஒருமுறை மீசை வைத்தேன், இன்னொருமுறை குடிக்க விட்டேன். இரண்டும் ஒட்டவில்லை. நல்ல மனுஷனாகவே இருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், அக்காவைப் பார்த்துத் தைரியம் சொல்ல மாமாவின் அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்தார்கள். அதற்காகக் காலையிலேயே அக்கா கேக் செய்ய இறங்கினாள். தங்கைக்காக வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், முட்டைக்குப் பதில் மசித்த வாழைப்பழம். முதல் கேக் நடுவில் குழிந்துவிட்டது. அடுத்தது செங்கல். வயிற்று வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவதற்கு மாவைக் கலக்கினாள்.

மாமா எட்டிப் பார்த்தார். “வெண்ணெய் இல்லாம கேக் எப்படிம்மா வரும்? ஒரு கரண்டி போட்டுடவா?”

“பரவாயில்ல மாமா” என்று சிரித்தாள் டாக்டர். குளிக்கப் போய்விட்டாள்.

மதியம் கேக் பஞ்சாக வந்திருந்தது. டாக்டர் இரண்டு துண்டு சாப்பிட்டாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் வாய்க்குப் பிடித்துச் சாப்பிட்டது அதுதான்.

“எப்படி இருக்கு டாக்டரம்மா?” என்றார் மாமா.

“ரொம்ப நல்லா இருக்கு மாமா.”

“இருக்காதா பின்னே. ஒரு கரண்டி வெண்ணெய் உருக்கி ஊத்தியிருக்கேன்ல.”

மேசையே சிரித்தது. “பாருங்க, ஒண்ணும் ஆகல, உயிரோடதான் இருக்கா” என்றார் ஒரு நண்பர். “இன்னொரு துண்டு வைங்க, இனிமே என்ன” என்றார் அவர் மனைவி. மாமா இரண்டு கைகளையும் விரித்தார். “நான் கேட்டுட்டுத்தான் போட்டேன்பா. ‘பரவாயில்ல’ன்னு அவளேதான் சொன்னா.”

5

(ஆசிரியர் இந்தப் பகுதியை வெட்டச் சொல்வார். கதை நகரவில்லை என்பார். நகராது. நான் அதைப் பிடித்துவைத்திருக்கிறேன்.)

பரவாயில்லை. பஸ்ஸில் உங்கள் காலை ஒருவன் மிதித்தால் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா என்றால், பரவாயில்லை: வேண்டாம். சாதம் ஆறிப்போச்சே என்றால், பரவாயில்லை: வையுங்கள். உடம்பு எப்படி என்றால் பரவாயில்லை. மகன் மார்க் எப்படி என்றாலும் அதேதான். வேண்டாம் என்பதற்கும் சரி என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் கூட்டம் நாம்.

ஆனாலும் நமக்குள் குழப்பம் வருவதில்லை. குரலையும் முகத்தையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். மாமாவும் கண்டுபிடித்துவிட்டார். ஆதாரம் கேட்கிறீர்களா? அவள் சம்மதித்தாள் என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தால், இரண்டாவது துண்டு உள்ளே போகும்வரை வாயை மூடிக்கொண்டு ஏன் காத்திருந்தார்? சம்மதித்ததை எதற்கு நாலு பேர் நடுவே அறிவிக்க வேண்டும்?

(வெண்ணெய் என்பது நம் மொழியில் ஒரு வசவும்கூட. அவரை அப்படிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாளாகக் கை அரிக்கிறது. சொல்லிவிட்டேன்.)

6

அந்த மேசையில் டாக்டரை எழ வைத்தேன். தட்டைத் தூக்கிச் சுவரில்—

எறியவில்லை. மறுபடி எழுதினேன்: “மாமா, நீங்க செஞ்சது விளையாட்டு இல்ல” என்று நிதானமாக, கண்ணைப் பார்த்து—

வாயைத் திறக்கவில்லை. பெட்டியோடு வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். திரும்பி உள்ளே வந்துவிட்டாள். விடிந்தால் ஆபரேஷன். இவள் வெளியே போய்விட்டால் அக்கா கண் விழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பது? என் கோபத்துக்கு இதெல்லாம் கவலையில்லை, அவளுக்கு இருக்கிறது. அதனால் மேசையில் அவள் நிஜமாகச் சொன்னதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

“பரவாயில்ல மாமா” என்றாள். முகம் வெளுத்திருந்தது. அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

7

விருந்தாளிகள் போய்விட்டார்கள். மாமா அவர்களை வழியனுப்பக் கீழே போயிருந்தார். சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்க்க, டாக்டர் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“அவர் ஊத்தினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன் பொடி” என்றாள் அக்கா.

டாக்டர் தட்டைக் கீழே வைத்தாள். “பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“நான் வாயில வைக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொன்னா அவருக்கு மூஞ்சி தொங்கிடும். வீட்டுல ஆளுங்க. நாளைக்கு ஆபரேஷன். ஒரு கரண்டிதானே, உனக்குத் தெரியாமலே போயிடும்னு நினைச்சேன். அவரே சொல்லுவார்னு நினைக்கல.”

இந்த வரியை எழுதும்வரை எனக்கு இது தெரியாது. நம்புங்கள். அக்கா நல்லவள், மூன்று முறை மாவு கலக்கியவள் என்று நினைத்துத்தான் இதுவரை எழுதிக்கொண்டு வந்தேன். மாமா மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இப்போது எனக்கே விளங்கவில்லை. செய்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தெரிந்தே கேக்கை வெட்டிப் பரிமாறியது இவள் கை.

ஆசிரியருக்கு இதுவரை படித்துக் காட்டினேன். “ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழட்டுமே, அக்கா தங்கச்சிதானே” என்றார். முடியாது என்றேன். போனை வைத்துவிட்டார். டாக்டரிடமே கேட்கலாம் என்றால், கதையைச் சொன்ன அன்று இந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள், திரும்பி வந்து வேறு பேச்சை எடுத்துவிட்டாள்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். டாக்டர் மறுநாள் மருத்துவமனைக்குப் போவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போவதை வைத்து நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. இது அதற்கு முந்தின மாலை. அக்கா சோப்புக் கையோடு திரும்பி நிற்கிறாள். கண் கலங்கியிருக்கிறது. கீழே போனவர் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்கிறது. “பரவாயில்லதானே பொடி?” என்று கேட்கிறாள்.

டாக்டர் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். நாக்கு நுனிக்கு எந்தச் சொல் வருகிறது என்று எனக்குத் தெரியும். அது கிடையாது, எடுத்துவிட்டேன். வேறு ஏதாவது சொல்லுங்கள்.