ஒழுகாத மூலை

லோகநாயகி போர்வையைப் புருஷனின் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டாள். முகத்தை மூடக் கூடாது. மூடினால் தெரிந்துவிடும்.

சுப்புராயனின் வாய் லேசாகப் பிளந்துகொண்டு வந்தது. மோவாய்க்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து அணைத்துப் பிடித்தாள். பார்க்கிறவர்களுக்கு, இழுப்புக்காரப் புருஷனின் தலையைத் தாங்கிக்கொண்டு பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் விசில் மாதிரி போய்வந்துகொண்டிருந்த மூச்சு, வெளுக்கிற நேரத்தில் ஒரு தரம் உள்ளே போனது. திரும்பி வரவில்லை. வெளியே புயல் போட்ட இரைச்சலில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

"அத்த, மாமாவுக்கு இழுப்பு கொறஞ்சிருக்கா?" என்றாள் பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டிருந்த பொன்னி.

"கொறஞ்சிருக்குடி."

"சத்தமே காணோம்."

"இப்பத்தான் கண்ணசந்தாரு. நீ பிள்ளையப் பாரு."

தன் குரல் ஒழுங்காக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

கூடம் முழுக்க ஜனம். அக்கரைத்திட்டில் ஒரு குடும்பம் பாக்கியில்லாமல் இந்த மாடியில்தான் இருந்தது. வடக்கு ஜன்னல் பலகைகள் அடித்துக்கொண்டன. அடியில் தண்ணீர் புகுந்து, பெண்கள் சேலையைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படிச் சுவரும் மேற்குச் சுவரும் சேர்கிற இந்த மூலைக்கு மட்டும் சாரல் வரவில்லை. இழுப்புக்கு ஈரம் ஆகாது என்று நேற்றே இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

திட்டுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பனாறு. கடலூர் முதுநகருக்குப் போகப் படகுதான். சுனாமிக்கு அப்புறம் தூண்கள் நிறுத்தி, உயரத்தில் இந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு அள்ளி வந்த பிணங்களை வரிசையாகக் கிடத்தியது இதே மேட்டில். அதனால் ஊருக்கு இது பொணக்கொட்டாய். கீழே வலை காயப்போடுவார்கள், கருவாடு காயப்போடுவார்கள். மேலே ஒருத்தரும் ஏறியதில்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய மழைவெள்ளத்தில்கூட இடுப்புத் தண்ணீரில் கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்தார்களே தவிர, இங்கே வரவில்லை.

பேரிடர்க் குழுவில் லோகநாயகி சேர்ந்ததிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். நேற்றும் போனாள். எதிர்வீட்டு ராசம்மாள் வாசலில் கையைக் குறுக்கே நீட்டி மறித்துக்கொண்டாள்.

"செத்தவங்கள போட்டு வெச்ச எடத்துல உசிரோட போயி படுக்கணுமா? உனக்கு ட்ரெயினிங் குடுத்தவங்க வந்து படுப்பாங்களாடி?"

"அக்கா, கடலு முன்ன மாதிரி இல்ல. சவுக்குத்தோப்பு எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்கு? இடுகாட்டையே ரெண்டு தரம் தள்ளி வெச்சாச்சு. வூட்டோட போயிடுவோம்."

"போனா போறோம். எம்மவன் போன எடந்தான."

சுனாமியில் போன ராசம்மாளின் சின்ன மகனைக் கிடத்தியதும் இந்த மேட்டில்தான்.

அப்போதுதான் சுப்புராயன் பின்னாலிருந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்து பேசினான். "ராசம்மா, நான் மொதல்ல போயி படுக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீங்கல்லாம் வாங்க. ஆச்சுன்னா அந்தக் கட்டடத்துக்கு நெருப்பு வெச்சிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ராசம்மாள்கூட.

மகன் அன்பரசு மதியமே சொன்னான். "அப்பா, படகு ஓடறப்பவே கடலூர் ஆசுபத்திரிக்குப் போயிடலாம்."

"நான் அக்கரைக்கு ஏறுனா, லோகா வூட்டுக்காரனே ஓடிட்டான்னு சொல்லுவானுங்க. அப்புறம் ஒருத்தன் வருவானா? போடா."

அவன் மேலே ஏறியதைப் பார்த்துத்தான் ஊரே ஏறியது.

இப்போது ஆகிவிட்டது.

லோகநாயகி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். காற்று அடங்கட்டும். அன்பரசு காதில் மட்டும் சொல்லி, அவன் முதுகில் ஏற்றி, மயக்கமாக இருக்கிறார் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கூரை இருக்காது. ஒரு சுவர் நின்றால் போதும். வீட்டில் போய்ச் செத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லையென்றால் அடுத்த புயலுக்கு ஒரு குஞ்சு இந்தப் படியில் கால் வைக்காது. சொன்னவன் வாக்கே பலித்துப்போச்சு என்பார்கள்.

படி ஓரத்தில் ஆண்டி அடுப்பு மூட்டியிருந்தான். நேற்று மதியம் சாப்பிட்டதுதான் பிள்ளைகள். புகை திரும்பி அவன் கண்ணிலேயே அடித்தது.

"ஆண்டி மாமா, கஞ்சி ஆச்சா?"

"கடல் தண்ணி ஊத்தியிருக்கேன், உப்பு மிச்சம். கொதிக்கட்டும், இருங்கடா."

அதையும் பார்த்தாள் லோகநாயகி. சாவு விழுந்த கூரைக்குக் கீழே அடுப்பெரியக் கூடாது. சொன்ன அந்த நிமிஷமே ஆண்டி தண்ணீரை ஊற்றி அணைத்துவிடுவான். அத்தனை பிள்ளைகளின் கண்ணும் அந்தக் குண்டானில்தான் இருந்தது. இன்னொன்றும் உண்டு ஊரில். பிணம் எடுக்கிறவரைக்கும் ஒருத்தரும் படகில் கை வைக்கக் கூடாது. சுப்புராயனே ஒருமுறை மத்தி கொட்டிக் கிடந்த நாளில் வலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "பாவிப்பய, இன்னைக்குத்தான் சாவணுமா? நான் போறப்ப மீனில்லாத நாளாப் பாத்துப் போறேன், பாரு" என்று புலம்பியிருக்கிறான்.

உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. மோவாயின் சூடு குறைந்துகொண்டே வந்தது.

"அம்மா." அன்பரசு வந்து எதிரில் குந்தினான். தலையெல்லாம் ஈரம். விடிந்ததிலிருந்து ஜன்னல் சந்து வழியாக ஆற்றங்கரையில் கட்டியிருந்த தன் போட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன். "ஒரு கயிறு அறுந்துடுச்சும்மா. இன்னொன்னுலதான் நிக்குது. அப்பா முழிச்சாரா?" என்று நெற்றியைத் தொடக் கை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதடா. ராத்திரியெல்லாம் தூங்கல அவுரு."

"காய்ச்சல் இருக்கான்னு பாக்கறேன்."

"இல்ல. நான் பாத்துட்டேன்."

அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் யாரோ கத்தினார்கள்: "டேய் அன்பு, கோயில் வேப்பமரம் சாஞ்சிடுச்சுடா!" எழுந்து ஓடினான்.

கஞ்சி கொதித்தது. ராசம்மாள்தான் முந்தானையில் பிடித்துத் தம்ளர் தம்ளராக எடுத்து வந்து கொடுத்தாள். பொன்னிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. லோகநாயகிக்கு முன்னால் வந்து நின்று, குனிந்து, போர்வை விலகியிருந்த சுப்புராயனின் காலை மூடிவிட்டாள். கை கொஞ்ச நேரம் அந்தக் காலின்மேலேயே இருந்தது.

"எப்படி இருக்காரு?" என்று பின்னாலிருந்து எவளோ கேட்டாள்.

"தூங்கறாரு. நீங்க சத்தம் போடாம குடிங்கடி" என்று ராசம்மாள்தான் சொன்னாள். பிறகு ஒரு தம்ளரை லோகநாயகியின் பக்கத்தில் வைத்தாள். "குடி."

"அப்புறம் குடிக்கறேங்க்கா."

"இப்பவே குடிச்சிடு. அப்புறம் குடிக்க முடியாது."

ஆறிப்போய்விடும் என்கிறாள் என்று நினைத்தாள் லோகநாயகி. குடிக்காவிட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். இடது கை மோவாயில் இருக்க, வலது கையால் எடுத்துக் குடித்தாள். ராசம்மாள் தம்ளர் காலியாகிறவரைக்கும் அங்கேயே, மற்றவர்களுக்கு மறைத்துக்கொண்டு நின்றாள்.

அடுப்பு அணைகிற நேரத்தில் காற்று நின்றது.

குறையவில்லை, நின்றது. ஜன்னல் பலகை அடிக்காமல் தொங்கியது. ஒரு பிள்ளை அழுதது தனியாகக் கேட்டது. பலகையைத் தள்ளினால் வெளிச்சம்.

"விட்டுடுச்சுடா!"

ஆம்பிளைகள் எழுந்துவிட்டார்கள். லோகநாயகி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "யாரும் எறங்காதீங்க! இது நடுவுல அடங்கறது. புயலோட கண்ணு. தெக்கேருந்து திரும்பி அடிக்கும், சொன்னேன் இல்ல?"

"காத்துக்குக் கண்ணு இருக்காம்!" ஒருத்தன் சிரித்தான். "மூக்கு இருக்கா அத்த?"

"ரெண்டு கயிறு போட்டுட்டு வந்துடறோம், மதனி" என்றான் ஆண்டி, கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டியபடி.

"அன்பு! டேய்!"

"பத்து நிமிஷம்மா. போட்டு போச்சுன்னா நாளைக்கு என்னத்த வெச்சுப் பொழைக்கறது?"

"அப்பா கூப்பிடறாருடா!"

படியில் இறங்கப் போனவன் திரும்பினான். "தூங்கறாருன்னியே?"

அவள் வாயில் பதில் வருவதற்குள் இறங்கிவிட்டான். அவன் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்கலாம். கையை எடுத்தால் மோவாய் தொங்கிவிடும். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: முழங்கால் தண்ணீரில் மகன் முன்னால் போகிறான். தெற்கே, ஆற்று முகத்துவாரத்துக்கு மேல், வானம் கன்னங்கரேலென்று சுவர் மாதிரி எழும்பி நின்றது.

கூப்பிட்டால் நிற்கமாட்டார்கள். அவர்களை நிறுத்தக்கூடிய ஒன்று அவள் கையில்தான் இருந்தது. அதைச் சொன்னால் நிற்பார்கள். அப்புறம் இந்தக் கட்டடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

லோகநாயகி கையை எடுத்தாள்.

சுப்புராயனின் வாய் திறந்துகொண்டது. அவளும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. விடிந்ததிலிருந்து அழுத்தி வைத்தது நெஞ்சிலேயே கெட்டித்துப்போயிருந்தது. மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். காற்றுத்தான் வந்தது.

"ஐயோ, என் ராசா...!"

குரல் பின்னாலிருந்து எழும்பியது. ராசம்மாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கூவினாள். "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே, சுப்புராயா...! கடலுக்குப் போறவங்களே, சாவு விழுந்துடுச்சே...!"

ஒரு நொடி கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பொன்னி அலறினாள். அப்புறம் எல்லாப் பெண்களும்.

கீழே தண்ணீரில் ஆண்டி அப்படியே நின்றான். தோளிலிருந்த கயிற்றை இறக்கினான். ஒருத்தன் படகின் கட்டுத்தறியைத் தொட்டிருந்தான்; நெருப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாரும் திரும்பினார்கள். அன்பரசு மட்டும் ஓடி வந்தான், விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து.

கடைசி ஆள் படியேறும்போது தெற்கேயிருந்து முதல் அடி விழுந்தது. கதவை நாலு பேர் முதுகு கொடுத்துச் சாத்தினார்கள்.

வாடைக் காற்று ஒன்றுமில்லை என்று ஆக்கியது அது. தெற்கு ஜன்னல் ஒன்று சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. தண்ணீர் கொட்டியது. கூடத்தில் நிற்க இடமில்லை. ஜனங்கள் பின்வாங்கிப் பின்வாங்கி, மாடிப்படி மூலைக்கு வந்து முட்டினார்கள். முதலில் ஒரு முழம் இடம் விட்டார்கள். பிறகு அரை முழம். பிறகு பிள்ளைகளைத் தூக்கி உள்ளே போட்டார்கள். சுப்புராயனின் காலை ஒட்டி ஒருத்தி, தலைமாட்டில் ஒருத்தி. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த அன்பரசின் முதுகின்மேல் யாருடைய பிள்ளையோ உட்கார்ந்திருந்தது.

"அம்மா, எப்பம்மா?" என்றான் நிமிராமல்.

"விடியக்கொள்ள."

"நான் தொட வந்தனே."

அவள் ராசம்மாளைப் பார்த்தாள். ராசம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் அந்தத் தம்ளர் உருண்டு கிடந்தது. ஒரே ஒரு தம்ளர். எல்லாருக்கும் தலைக்கு ஒன்று கொடுத்தவள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒன்றுதான் கொண்டுவந்திருக்கிறாள்.

மதியத்துக்குமேல் அடங்கியது. ஆற்றங்கரையில் ஒரு போட்டும் இல்லை. இரண்டு கயிறு போட்டிருந்தாலும் இருந்திருக்காது என்றான் ஆண்டி. உப்பனாற்றுப் பக்கம் தண்ணீர் வடிந்த மேடாகப் பார்த்து அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். தெருவில் கூரை இருக்கிற வீடு என்று ஒன்று இல்லை. லோகநாயகி தன் வீடு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது.

பொழுது சாய்ந்தது. ஒவ்வொருத்தராக வந்து அந்தப் படிக்குக் கீழே நின்றார்கள். யாரும் முதல் படியில் கால் வைக்கவில்லை. மழை மறுபடி தூறியது.

"இன்னா பாத்துகிட்டு நிக்கறீங்க? ஏறுங்கடி" என்று சொல்லிக்கொண்டே ராசம்மாள் முதலில் ஏறினாள்.

லோகநாயகி கடைசியாக ஏறி வந்து பார்த்தபோது, மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கஞ்சி குடித்த தம்ளர். பாதிக்குத் தண்ணீர், மேலே எண்ணெய், கிழிந்த சேலையில் திரித்த திரி. அதை ஒட்டினாற்போல் பொன்னியின் பிள்ளை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, பிள்ளைய இங்கயா போட்ட? எட்டப் போடு" என்றாள் லோகநாயகி. காலையிலிருந்து அவள் குரல் இப்போதுதான் கரகரத்தது.

"இருக்கட்டும் அத்த" என்றாள் பொன்னி. "இங்கதான் ஒழுகல."

தூக்கத்தில் பிள்ளை காலை நீட்டியது. லோகநாயகி குனிந்து தம்ளரைச் சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.