சட்டைப்பையில் ஒரு போல்ட்

டிங்!

சைக்கிள் கடையிலிருந்து சாப்பிட வந்த ஃபெலிக்ஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அதன் பையிலிருந்து ஏதோ விழுந்தது. பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் ஒருமுறை துள்ளி, உருண்டு, சோற்றுத் தட்டில் மோதி நின்றது.

"என்ன, காசா?" என்றாள் மனைவி பெல்சி, ரசம் ஊற்றிக்கொண்டே. "எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சா மாதாவே இப்படித்தான் காட்டிக் குடுப்பாக."

காசு இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு போல்ட். அதன் தலையில் ஆறு மூலையாக ஒரு பள்ளம்.

குனிந்து எடுத்த ஃபெலிக்ஸ் நிமிரவில்லை. காரைக்குடியில் ஆயிரம் சைக்கிள் ஓடுகிறது. எதிலும் இந்தப் போல்ட் கிடையாது. ஒரே ஒரு வண்டியைத் தவிர.

"ஏங்க, முகமெல்லாம் வேர்க்குது?"

"பெல்சி... ஒரு உசுரு போகப் போகுது. என்னாலதான்."

அந்த வண்டி கார்த்திகேய சிவத்துடையது. வயது இருபத்து மூன்று. மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய மலைச் சைக்கிள், இருபத்தொரு கியர். பைக்குக்கு இருப்பது போல முன்னால் ஷாக் அப்சார்பர். மேல்குழாய் இரண்டும் கீழ்க்குழாய் இரண்டுக்குள் இறங்கி நிற்கும். உள்ளே அடுக்கியிருந்த ரப்பர் கட்டைகள் இறுகிக் கல்லாகிவிட்டன என்று கொண்டுவந்திருந்தான். ஃபெலிக்ஸ் பழைய லாரி ரப்பரை அளவாக அறுத்து, தேய்த்து, புதுக் கட்டைகள் செய்து போட்டான். எல்லாம் சரிதான். கீழ்க்குழாய் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு போல்ட் உண்டு. மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு போல்ட்கள்தான்.

வலதுபக்கப் போல்ட்டை விரலால் சுற்றி நிறுத்தியிருந்தான். தலைப் பள்ளத்தில் அலன் கீ போட்டு இறுக்குவது கடைசியில். இடதுபக்கப் போல்ட்டைக் கையில் எடுத்தபோது மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. அந்த மணி கேட்டால் எந்த வேலையானாலும் விட்டுவிட்டு எழுந்து நின்று ஜெபம் சொல்வது ஃபெலிக்ஸின் வழக்கம். போல்ட்டை வைத்துக்கொண்டு கைகூப்ப முடியுமா? சட்டைப்பையில் போட்டான்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் எதிரே சிவம் நிற்கிறான். "அண்ணே, கியர் தாவுது, அதையும் பாத்துருங்க. இன்னைக்கு ஒரு இடத்துல பறக்கவிட்டுப் பாக்கணும்."

ஃபெலிக்ஸ் செயினுக்குப் போனான். மண்ணெண்ணெயில் செயினைக் கழுவினான். ஒரு கண்ணியைக் குறைத்தான். பேச்சு வேறு. சிவத்தின் பெரிய வீட்டை இடித்துத் தேக்குத் தூண்களை விற்கச் சித்தப்பா பெரியகருப்பன் துடிக்கிறார், பங்காளிகளில் இவன் ஒருவன்தான் கையெழுத்துப் போடவில்லை என்பது ஊரறிந்த கதை. "நான் இருக்குற வரைக்கும் ஒரு தூணை அசைக்க விடமாட்டேண்ணே" என்று சிரித்தபடி வண்டியில் ஏறிப் போய்விட்டான். ஆள் உட்கார்ந்த கனத்தில் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்தி நின்றன. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை ஒன்றும் ஆகாது. எழும்பினால் சக்கரம் தனியாகப் போகும். ஆள் முகம்குப்புறப் போவான்.

ஃபெலிக்ஸ் சட்டையை மாட்டியபடியே தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். சிவத்தின் வீட்டில் மூன்றாவது மணியில் எடுத்தவர் சித்தப்பா பெரியகருப்பன்.

"ஐயா, சைக்கிள் கடை ஃபெலிக்ஸ் பேசுறேன். தம்பி இருக்காகளா?"

"இப்பத்தான் சாப்பிட்டு வண்டிய எடுத்துட்டுப் போனான். என்ன விசயம்?"

"எங்குட்டுப் போனாகன்னு சொல்லுங்கய்யா. வண்டியில ஒரு போல்ட் போடலை. மேட்டுல ஏறிக் குதிச்சா முன்சக்கரம் கழண்டு வந்துரும். உசுருக்கே ஆபத்துய்யா."

 மறுமுனையில் எங்கோ சுவர்க் கடிகாரம் ஓடுவது மட்டும் கேட்டது.

"ஐயா?"

"பள்ளத்தூர்" என்றார் அவர். "பள்ளத்தூர் ரோட்டுலதான் போயிருக்கான்."

போனை வைத்துவிட்டார்.

ஃபெலிக்ஸின் மொபெட் அன்றைக்குப் போல என்றைக்கும் கத்தியதில்லை. எதிரே கூட்டமாக நாலு பேர் நின்றாலே வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நிறுத்திப் பார்த்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள்.

பாதி வழியில் பாலம் வேலை. ரோட்டின் குறுக்கே ஈரமண் கொட்டிக் கிடந்தது. இதன்மேல் ஏறாமல் யாரும் பள்ளத்தூர் போக முடியாது. ஃபெலிக்ஸ் இறங்கி உட்கார்ந்து பார்த்தான். பஸ் டயர், மாட்டு வண்டித் தடம், சாதாச் சைக்கிளின் ஒல்லிக் கோடுகள். சிவத்தின் டயர் பலாப்பழத் தோல் மாதிரி முள்முள்ளாக இருக்கும். அந்தத் தடம் இல்லை.

"சிங்கப்பூர்ச் சைக்கிள் இங்குட்டுப் போச்சா?" என்று மண் வெட்டிக்கொண்டிருந்த கருத்தையாவிடம் கேட்டான்.

"அது போனா எங்க ஊர் நாயெல்லாம் பின்னாடியே போகுமே! வரலப்பா. என்ன, கூலி குடுக்காம ஓடிட்டானா?"

ஃபெலிக்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மணி நேரம் வீண். எங்கே தேடுவது? பறக்கவிட்டுப் பார்க்கும் இடம் என்றானே, எது? மொபெட்டைத் திருப்பும்போது விரல் நகங்கள் கண்ணில் பட்டன. சிவத்தின் செயினைக் கழுவியபோது ஏறிய செம்பொடி இன்னும் போகவில்லை. தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது. வயல் மண் இப்படி இருக்காது. செம்புறாங்கல் வெட்டுகிற தூள் இது. கல் வெட்டிக் கைவிட்ட பெரும்பள்ளம், கிடங்கு என்பார்கள், கோவிலூருக்கு அப்பால் இருக்கிறது. இருபதடிச் சரிவு, அடியில் ஒரு மேடு.

ஊரைக் கடந்து கோவிலூர் வந்து கிடங்குக்கான வண்டிப்பாதையில் திரும்பியதும் தெரிந்தது. புழுதியில் முள்முள்ளாகத் தடம்.

தடத்தின் ஓரமாகவே போனான். வழியெல்லாம் குழி. விரலால் சுற்றிய போல்ட் எத்தனை குலுக்கலுக்குத் தாங்கும்? பத்தா? நூறா?

ஒரு கருவேலங்கன்றுக்குப் பக்கத்தில் ஏதோ மின்னியது. மொபெட்டைச் சாய்த்துவிட்டு ஓடினான்.

வலதுபக்கப் போல்ட்.

"இயேசுவே" என்று வாய்விட்டே சொன்னான். இனி அந்தச் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது சிவத்தின் உடம்புக் கனம் மட்டும்தான்.

மொபெட்டை நிமிர்த்தி உதைத்தான். கிளம்பவில்லை. விட்டுவிட்டு ஓடினான்.

கிடங்கின் விளிம்பில் சிவம் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். சரிவை அளப்பதுபோலக் கீழே பார்த்தான்.

"தம்பி! இறங்காதீக! ஏய், நில்லு!"

சிவம் திரும்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. எதிர்க்காற்றில் ஃபெலிக்ஸின் பேச்சு போய்ச் சேரவில்லை. "வந்துட்டீகளாண்ணே! உங்க ரப்பர் என்ன பண்ணுதுன்னு பாருங்க!" என்று கையசைத்துவிட்டு ஊன்றிய காலை எடுத்தான்.

ஃபெலிக்ஸ் பாய்ந்தான். சீட்டின் பின்பக்கம் கைக்கு அகப்பட்டது. முழுப் பலத்தோடு பக்கவாட்டில் இழுத்தான். வண்டியும் இரண்டு பேரும் விளிம்பிலேயே சரிந்து விழுந்தார்கள்.

"பைத்தியமாண்ணே உங்களுக்கு?" முழங்கையில் ரத்தத்தைத் துடைத்தபடி சிவம் கத்தினான். "கழுத்து முறிஞ்சிருக்கும்!"

 ஃபெலிக்ஸ் எழுந்து சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினான். ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே தூக்கினான்.

உறையிலிருந்து கத்தி உருவியது போல மேல்குழாய்கள் வெளியே வந்தன. முன்சக்கரம் கீழ்க்குழாய்களோடு தரையிலேயே நின்று, மெல்லச் சாய்ந்து, சரிவில் உருண்டது. அடியிலிருந்த மேட்டில் மோதி எகிறி, கிடங்கின் நடுவில் போய் விழுந்தது.

 சிவம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"என் தப்பு தம்பி" என்றான் ஃபெலிக்ஸ். இரண்டு போல்ட்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.  "மணியடிச்சுச்சு, ஜெபம் சொல்ல எழுந்தேன், பையில போட்டேன். போலீசுக்குப் போறதுன்னாலும் போங்க. நான் மறுக்க மாட்டேன்."

"போலீசா? ஓடி வந்து காப்பாத்திட்டு..." சிவம் போல்ட்களை வாங்கிக்கொண்டான். "நான் இங்குட்டு இருக்கேன்னு யார்ணே சொன்னா?"

"யாரும் சொல்லலை. உங்க வீட்டுக்குப் போன் போட்டேன், சித்தப்பா எடுத்தாக. சக்கரம் கழண்டுரும், உசுருக்கு ஆபத்துன்னு எல்லாத்தையும் சொன்னேன். பள்ளத்தூர் ரோட்டுல போங்கன்னாக. பாவம், பதட்டத்துல அவுகளுக்கு ஊர் மாறிப்போச்சு போல."

சிவம் கீழே கிடங்கில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தான். பிறகு, தனக்கே கேட்காத குரலில் சொன்னான்.

"வாசல் வரைக்கும் வந்து, 'கிடங்குல பாத்து இறங்குடா'ன்னு சொல்லி அனுப்புனதே அவருதாண்ணே."