விருந்தாளிக்குப் போட்ட சூடு

குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டு வடக்குச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். அதை ஒட்டித்தான் அக்காவின் கட்டில். சலவை ஆலையில் நீராவியோடு மல்லுக்கட்டி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள். இன்னொரு குளிர்காலத்தை இந்த ஈரத்தில் தாங்கமாட்டாள் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். வீட்டில் வேறு அறை இல்லை. கேஸ் ஹீட்டரை மாலையில் சற்று நேரம் எரிப்போம். மிச்ச நேரத்துக்குப் போர்வைதான்.

அப்போதுதான் நகராட்சித் திட்டம் வந்தது. குளிர் தாங்காத வீடுகளில் சுவரின் உட்புறம் குளிர் தடுக்கும் பலகை பதித்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்து, புகையில்லாத மின்சார ஹீட்டரும் மாட்டித் தருவார்கள். எரிபொருளும் மிச்சம், காற்றும் கெடாது. அதற்கு முன் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார்.

ஆள் வருகிறார் என்றதும் என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுவரில் படர்ந்திருந்த கரும்பூஞ்சையைச் சுரண்டிக் கழுவி வெள்ளையடித்தாள். அவர் வரும் நாளன்று விடிந்ததுமே ஹீட்டரைப் பற்றவைத்தாள்.

"ஏம்மா, வாரம் பூரா வரவேண்டிய கேஸ் ஆச்சே," என்றாள் அக்கா.

"சும்மா இருங்க அண்ணி. வீட்டுக்கு வர்ற மனுஷன் பல்லு கிடுகிடுக்க உக்காரணுமா? நாளைக்கு என்னைத்தான் பேசுவாங்க."

"பொண்ணு பார்க்கவா வர்றாங்க? சொல்லு, நானும் பவுடர் போட்டுக்கறேன்."

நானும் தடுக்கவில்லை. அந்தக் கதகதப்பு சுகமாக இருந்தது.

வந்தவர் முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றினார். சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் கைக்கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"வீடு கதகதன்னு இருக்கே! ஈரமும் இல்ல. இந்தத் தெருவுலயே உங்க வீடுதான் நல்ல வீடு."

மனைவிக்கு முகம் மலர்ந்தது. "ஏதோ எங்களால முடிஞ்சதுங்க."

"அப்ப உங்களுக்கு அவசரமில்ல. மோசமான வீடுகளுக்கே பலகை பத்தல. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"ஐயோ, இது உங்களுக்காகப் போட்டதுங்க! தினம் இப்படி இல்ல!" அவள் ஓடிப்போய்ச் சுவரை நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்புதான் உதிர்ந்தது. அடியில் பூஞ்சையின் தடமே இல்லை. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தாள்.

"இன்னொரு நாள் வந்து பாருங்க சார்," என்றேன்.

"நம்புறேன் சார். ஆனா மெஷின்ல பதிஞ்சது அப்பவே ஆபீசுக்குப் போயிடும். என் கையில இல்ல." தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மாலையில் சிலிண்டர் தீர்ந்தது. அக்காவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது.

"அழாதே. அந்த மனுஷனுக்காவது குளிரல," என்றாள் என் மனைவியிடம், இருமலுக்கு நடுவே.

கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். கட்டில் இடித்ததில் கதவை மூட முடியவில்லை; காற்று நேரே அவள் மேல் அடித்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மறுபடியும் சுவரோடு தள்ளினோம். புது வெள்ளையின் மேல் அதற்குள் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மனைவி முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடியும் கோத்தது.