அணைக்கும் முன் ஒரு நிமிஷம்

சவ வண்டிக்குப் பின்னால் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போவது அந்தக் காருக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் கியரில் போட்டால் இன்ஜின் அடித்தொண்டையில் முனகியது. ஐந்துக்கு இறக்கினால் உடனே முன்னே பாயப் பார்த்தது. லக்ஸம்பர்க்கிலிருந்து இரண்டு நாளாக நொயேமியா கிளட்ச்சை மிதிப்பதும் விடுவதுமாகவே வந்துகொண்டிருந்தாள். இடது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. முன்னால் போன கறுப்பு வேனுக்குள் அவளுடைய அப்பா அமில்கார் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"அஞ்சுலயே வெச்சுக்கடி. சும்மா சும்மா மாத்தாதே," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த அல்பானு. அமில்காரின் தம்பி. மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. "உங்கப்பன் ஓட்டியிருந்தா நேத்து சாயங்காலமே ஊர் போய்ச் சேர்ந்து, தன்னைத் தானே அடக்கம் பண்ணிட்டு, சாப்பிடவும் உக்காந்திருப்பான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

சலமன்கா நகரம் தாண்டியாயிற்று. நவம்பர் மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் உழுதுபோட்ட செம்மண், நடுநடுவே கருவாலி மரங்கள், அடியில் கறுப்புப் பன்றிகள். இன்னும் நூறு கிலோமீட்டரில் எல்லை. எல்லை தாண்டினால் போர்ச்சுகல். அங்கிருந்து ஊருக்கு முக்கால் மணி நேரம். ஐந்து மணிக்குப் பூசை, அதற்குப் பிறகு அடக்கம்.

அமில்கார் முப்பத்தோரு வருஷம் லக்ஸம்பர்க்கில் டைல்ஸ் ஒட்டினவர். மனைவி தியொலிந்தாவுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் பள்ளிக்கூடம் முடித்ததும் தியொலிந்தா ஊரோடு திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து வருஷத்துக்கு நாலு தடவை அவர் வண்டியில் வீட்டுக்குப் போவார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஆகஸ்ட், அப்புறம் நவம்பர் முதல் தேதி, எல்லாரும் கல்லறை கழுவிப் பூ வைக்கிற நாள். ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிலோமீட்டர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் ஆட்களிடம் சம்பளத்தைக் கேட்டால் மழுப்புவார்கள். எத்தனை மணி நேரத்தில் வந்தாய் என்று கேட்டுவிட்டால் போதும், நிமிஷக் கணக்கோடு சொல்வார்கள். அமில்கார் கணக்கு பதினேழே கால் மணி நேரம். டீசலுக்கு இரண்டு நிறுத்தம். சிறுநீருக்கும் அதே இரண்டுதான். அதற்கு முன், மூவரும் சேர்ந்து போன நாட்களில், பின் சீட்டில் கால்களை இறுக்கிக்கொண்டு அழுதபடியே நொயேமியா வளர்ந்தாள்.

இந்த வண்டியை அவர் அறுபதாவது வயதில் வாங்கினார். சாம்பல் நிறம், கட்டம் போட்ட சீட்டுத் துணி, பின்னால் இரட்டைப் புகைக்குழாய். நூற்றெண்பது குதிரை சக்தி. "பொண்ணு பாக்கப் போறியாடா கிழவா?" என்று ஊரே கேலி செய்தது. மற்ற எல்லாவற்றிலும் அடங்கிய மனுஷர் இதில் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. சும்மா கத்துகிற பெட்ரோல் வண்டி இல்லை இது, வேலை செய்கிற வண்டி என்பார். டீசல் இன்ஜின் ஆயிரத்தெண்ணூறு சுற்றுவரை தூங்கும், அதற்கு மேல் முதுகில் கை வைத்துத் தள்ளும் என்பார். மகளிடம் ஒரு நாளும் ஓட்டக் கொடுத்ததில்லை.

நேற்று காலை பிரான்சில் முதல் நிறுத்தத்தில் அவள் வண்டியை நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பியபோது அல்பானு பதறிப்போனார்.

"அடியே! ஓடி வந்த வண்டிய இப்படிச் சட்டுனு அணைப்பாங்களா? டர்போ கொதிச்சுக் கிடக்கும். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைக்கணும். உங்கப்பன் சொல்லித் தரலையா?"

"பாத்திருக்கேன் சித்தப்பா."

பார்க்காமல் என்ன! வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் அவர் இறங்கமாட்டார். ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்ஜின் கடகடவென்று ஓடும். "ஓடி வந்தது, மூச்சு வாங்கட்டும்" என்பார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் தியொலிந்தா உள்ளே சூப்பை ஊற்றித் தட்டுகளை வைப்பாள். அவர் அணைத்துவிட்டு உள்ளே வரும்போது ஆவி பறந்துகொண்டிருக்கும்.

இந்த நவம்பர் முதல் தேதி அவர் போகவில்லை. அதற்குக் காரணம் நொயேமியா. அது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

ஆகஸ்ட்டில் ஊரிலிருந்து திரும்பும்போது பிரான்சில் போர்தோ பக்கம் ஓரங்கட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தது அவள் ஒருத்திதான். அப்போதும் ஸ்டீயரிங்கை விடாமல், வலி தணிந்ததும் லக்ஸம்பர்க் வரை அவரே ஓட்டினார். டாக்டர் நீண்ட தூரம் ஓட்டக் கூடாது என்றார். அன்று சாயங்காலமே அவள் இரண்டு சாவியையும் எடுத்துத் தன் வீட்டுத் தையல் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். அவர் சண்டை போடவில்லை. "பிளேன்ல போப்பா" என்றாள். "சரிம்மா" என்றார். போகவில்லை. அம்மாவிடம் போனில், "வண்டி கராஜ்ல கிடக்கு தியொலிந்தா, ஏதோ பார்ட் வரணுமாம்" என்று அவர் சொன்னதை நொயேமியா பக்கத்தில் நின்று கேட்டாள். மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா இந்த வருஷம் தனியாகக் கல்லறை கழுவினாள். பதினான்காம் தேதி யார் வீட்டுக் குளியலறையிலோ, கையில் டைல்ஸோடு, அமில்கார் அப்படியே சரிந்தார்.

தான் செய்தது சரி என்று நொயேமியாவுக்குத் தெரியும். யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அதனால் அவளுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கிவிடவில்லை. கடைசியாக ஒரு தடவை வீட்டுக்குப் போக இருந்த மனுஷனின் சாவியை ஊசி நூலோடு போட்டுப் பூட்டினவள் அவள்.

எல்லையில் வேன் ஓரங்கட்டியது. ஓட்டுநர் ஜெர்மானு இறங்கி வந்தார். வருஷத்துக்கு இருபது பேரை இப்படி ஊர் சேர்ப்பவர்.

"காகிதத்தைக் காட்டி முத்திரை வாங்கணும்மா. அரை மணி, முக்கால் மணி ஆவும். நீங்க முன்னால போயிடுங்க. கோயில் பக்கத்து அறையத் தொறந்து வைக்கச் சொல்லுங்க."

"நீ போ," என்றார் அல்பானு. "நான் அண்ணன்கூட வேன்ல வர்றேன். அவன் நம்ம நாட்டுக்குள்ள தனியா நுழைய வேணாம்."

இறங்கியவர் கதவை மூடாமல் குனிந்தார்.

"நொயேமியா, வண்டிய மேல கொண்டு போகாதே. கீழ என் வீட்டு வாசல்ல விட்டுட்டு நடந்து போ. நாம எல்லாரும் வேன்ல வர்றோம்னுதான் உங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன் சித்தப்பா?"

"ஏனா? அந்தச் சத்தம் கேட்டா அவ என்ன ஆவா? தகவல் சொன்னதுலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம். கல்லு மாதிரி இருக்காளாம். செத்துட்டான்னு மூளைக்குத் தெரியும்டி. காதுக்கு யார் சொல்றது?"

நொயேமியா தலையாட்டினாள். சித்தப்பா சொன்னது ஒரு காரணம். அவளிடம் இன்னொன்று இருந்தது. அம்மா சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவாள். ஒரு முறை பெல்ட் தேய்ந்ததை அமில்காருக்கு முன்பே சமையலறையிலிருந்தபடி கண்டுபிடித்தவள். இந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. மேலே கொண்டுபோனால் கராஜ் கதை அந்த நிமிஷமே பொய்யாகிவிடும். கீழே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பாவோடு புதைந்துபோகும்.

வேன் இல்லாத சாலை திடீரென்று அகலமாகத் தெரிந்தது. ஐந்தாம் கியரில் இருந்தபடியே மிதித்தாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அப்பா சொன்னது நடந்தது. முதுகில் கை வைத்துத் தள்ளியது. சத்தம் போடவில்லை, துள்ளவில்லை. லாரி ஒன்று, இன்னொன்று, இரண்டையும் கியர் மாற்றாமலே தாண்டிவிட்டது. ஆறாம் கியரில் நூற்றிருபதில் இன்ஜின் முனகல் நின்று ஒரே சீரான மூச்சாகிவிட்டது. இரண்டு நாளாகத் தன்னோடு மல்லுக்கட்டிய வண்டி இதுதானா என்றிருந்தது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஊர்ப் பாதை. கருங்கல் சுவர்களுக்கு நடுவே ஈரத் தார். ஸ்பிரிங் கெட்டி, ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் தெரிந்தது. ஆனால் ஸ்டீயரிங் சொன்ன இடத்துக்கு வண்டி போனது. கனத்த மூக்கை வளைவில் கொஞ்சம் முன்கூட்டியே திருப்ப வேண்டும், நடுவில் மிதிக்கக் கூடாது, வெளியே வரும்போது மிதிக்க வேண்டும். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பின் சீட்டிலிருந்தும், பிறகு பக்கத்து சீட்டிலிருந்தும் முப்பது வருஷம் அப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டே வந்ததில் கைக்கு வந்துவிட்டது. பாவி மனுஷா, ஒரு தடவை ஓட்டக் கொடுத்திருக்கலாமே என்று வாய்விட்டே சொன்னாள். அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினாள்.

கூட்டுச் சாலை வந்தது. இடது பக்கம் இறங்கினால் அல்பானு வீடு. வலது பக்கம் மேட்டில் ஏழு வளைவு தாண்டினால் அவர்கள் வீடு. அவள் இடது இண்டிகேட்டரைப் போட்டாள். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் அப்பா சொன்ன கடைசிப் பொய் அந்தக் கராஜ் கதை. அதையும் மகளுக்காகத்தான் சொன்னார். அம்மா வாழ்நாள் முழுக்க அதை நம்பிக்கொண்டிருப்பாள்.

இண்டிகேட்டரை நிறுத்தினாள். வலது பக்கம் திருப்பினாள்.

ஐந்தாவது வளைவில் ஊரார் துணி துவைக்கும் பொதுத் தொட்டி. அங்கே இரண்டாம் கியர், அப்பா வழக்கம். அவளும் இறக்கினாள். இன்ஜின் ஒரு தடவை உறுமி, சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் இருந்தன. இன்ஜின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. தியொலிந்தா கறுப்பு உடையில் இருந்தாள், மேலே சமையல் ஏப்ரன். கையில் கரண்டி. மழையில் மெதுவாக நடந்து வந்தாள். ஓட்டுநர் பக்கம் வந்து மகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு முன்புறமாகச் சுற்றிப் போய், போகும்போது பானட்டில் ஒரு கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே போய், அந்தப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். கதவை மூடினாள்.

"தொட்டிகிட்ட சத்தம் கேட்டுச்சு," என்றாள். "கை தானா சூப்ப அடுப்புல ஏத்திடுச்சு. ஏத்தின பொறகுதான் நெனப்பு வந்துச்சு."

"அம்மா..."

"சித்தப்பா எங்க?"

"அப்பாகூட. வேன்ல. அரை மணியில வந்துடுவாங்க."

தியொலிந்தா தலையைச் சற்றுச் சாய்த்து இன்ஜினைக் கேட்டாள். டாக்டர் நெஞ்சைக் கேட்பாரே, அந்த மாதிரி.

"இது ரிப்பேர்ல கிடந்த வண்டி இல்ல," என்றாள்.

"இல்லம்மா."

"ம்."

"சாவி என்கிட்ட இருந்துச்சும்மா. ஆகஸ்டுலேர்ந்து. நான்தான் எடுத்து வெச்சுக்கிட்டேன். நெஞ்சு வலி வந்துச்சு, டாக்டர் ஓட்டக் கூடாதுன்னார். அப்பா உன்கிட்ட..."

வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. தியொலிந்தா எதிரே இருந்த கல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கரண்டி கிடந்தது. அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று நொயேமியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தாள். போகவில்லை.

தாங்க முடியாமல் நொயேமியா சாவிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

கீரையும் வெங்காயமும் மணக்கிற ஈரக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருடி," என்றாள் அம்மா. "இன்னும் ஒரு நிமிஷம் ஆகல."

பிடித்த கையை அவள் விடவில்லை. வீட்டுக்குள்ளிருந்து சூப் பொங்கி வழிந்து கருகுகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.