இடது முழங்கைக்கான இடம்

1

இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டாள் என்று பேச்சு வரக்கூடாது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதில் கேம் ஆடுவதற்கென்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைக்க, என் கணவர் (லிஃப்ட் மெக்கானிக், அளக்காமல் மூச்சுகூட விடமாட்டார்) ஒரு வாரமாகப் பாகங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லாப் பாகமும் உட்காரும் கேபினட்டை வாங்குவதற்கு முன், அதே அளவில் பழைய அட்டையை வெட்டி ஒட்டி மேசைமேல் வைத்துப் பார்க்கிறார். சின்னது ஒன்று, பெரியது ஒன்று.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அந்த மனிதனுக்கு விளையாட்டுதான் உலகம். மனைவியின் மேசையைக்கூட —"

வேண்டாம். பொய். ஒரு வில்லன் கிடைத்தால் வேலை சுலபம் என்று கை தானாகப் போகிறது.

இரண்டாம் முயற்சி, நடந்தது நடந்தபடி:

"பெருசுல மூணு ஃபேன் வச்ச கிராஃபிக்ஸ் கார்டு உள்ள போகும். தம்பி ஆடுற புது கேம் அப்படியே வழுக்கிக்கிட்டு ஓடும்," என்றார். "சின்னதுல ரெண்டு ஃபேன் கார்டுதான். சின்ன மதர்போர்டு, சின்ன பவர் சப்ளை எல்லாம் விலையும் கூட. அதனால கார்டுல ஒரு படி இறங்கணும்."

"அப்ப பெருசையே வாங்குங்க. கண்ண வித்து சித்திரம் வாங்குவாங்களா?"

"உன் முழங்கை எங்க போகும்?"

(நான் இடதுகைக்காரி. பிளக் இருப்பதும் இடதுபக்கம். பெரிய அட்டையை வைத்தால் முழங்கை இடிக்கிறது. என்னை உட்காரவைத்து, நோட்டைத் திறக்கச் சொல்லி, மேசையில் பென்சிலால் கோடே போட்டுவிட்டார்.)

"நீ எழுத இடம் வேணும்ல? சின்னதுதான். சூடு தணிக்கிற கூலர்கூட சத்தம் போடாததா பாத்து வச்சிருக்கேன்."

(அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதே ஞாயிறு காலையில், அந்த விளையாட்டுக்குள்தான். இதை அவர் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.)

3

இத்தனை நல்ல கணவரா என்று வாசகருக்கு இந்நேரம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தது. நம்பும்படியாக ஒரு குறை சேர்க்கலாமென்று தேடினேன். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவார்.* போதுமா?

உண்மையான குறை கதை சொல்பவளிடம் இருக்கிறது. பதினான்கு மாதமாக நான் ஒரு வரிகூடப் புதிதாக எழுதவில்லை. நாவல் எழுதுவதாகச் சொல்லி உட்கார்ந்து, பழைய பக்கங்களையே நல்ல கையெழுத்தில் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அவர் ஒரு படி இறங்குவது இல்லாத நாவலுக்காக. வெட்கமாக இருக்கிறது.

* படித்தால் மறுப்பார். நம்பாதீர்கள்.

4

முடிவுகள்:

அ) அவள் சொல்லிவிடுகிறாள். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார். கதைகளில் வரும் கணவர்களுக்கு எல்லாம் அப்பவே தெரியும். இவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வாரம் உட்கார்ந்து அட்டை வெட்டியிருப்பாரா?

ஆ) அவள் வாயே திறப்பதில்லை. சின்னப் பெட்டி வருகிறது. புது கேம் திக்கித் திணறி ஓடுகிறது. "இது போதும்டா தம்பி" என்கிறார் அவர். பக்கத்தில் அவள் பழைய பக்கத்தை ஐந்தாவது முறையாக —

இந்த முடிவு வேண்டாம். அடித்துவிட்டேன்.

5

எண்ணிப் பார்த்தால், பதினான்கு மாதத்தில் நான் எழுதிய முதல் பக்கங்கள் இவைதான். நாளைக்கும் வருமா? தெரியாது. சத்தியம் செய்ய முடியாது.

கேபினட் முடிவானால்தான் மற்றதெல்லாம் முடிவாகும். மாலைக்குள் ஆர்டர் போட வேண்டும். அதனால் இதை அச்சுக்கு அனுப்பும் முன் உங்களிடம் தருகிறேன். வாசகர் என்று இவ்வளவு நேரம் கூப்பிட்டது உங்களைத்தான். ஆமாம், உங்களைத்தான். அட்டை அளக்கும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் பகுதியை இன்னொரு தடவை படியுங்கள்.

எதை வாங்குவதென்று நான் எழுதப்போவதில்லை. பெரியதை வாங்கினால் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. சின்னதை வாங்கினால்தான் பயம். அப்புறம் நான் எழுதியாக வேண்டும்.

காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போகிறேன். மெதுவாகத்தான் வருவேன்.