அம்மன் ஏறிய லோக்கல்

என் கதையைப் படிக்காமலே நூற்றுப் பன்னிரண்டு பேர் மனம் புண்பட்டார்கள்.

மராத்திக்கார ஊரான தாபோடியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு அம்மன் கோயில் உண்டு. அங்கே பதினெட்டு வருஷமாகப் பாத்திரம் தேய்ப்பவள் என் அம்மா. மாதத்தில் மூன்று நாள் அவள் படி தாண்டக் கூடாது. அந்த மூன்று நாளும் நான் போவேன். ஒரு மாசம் இரண்டு பேருக்கும் சேர்ந்து வந்துவிட்டது. பிரசாதப் பாத்திரம் நாறிக் கிடந்தது. அதிலிருந்துதான் கதை.

அம்மனுக்கே அந்த நாள் வந்துவிடுகிறது. கோயிலுக்குள் இருக்கக் கூடாதே என்று பயந்து வெளியே வருகிறாள். தளேகாவ் போகும் லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுகிறாள். ஒரு மீன்காரி தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்து, தள்ளி உட்கார்ந்து இடமும் தருகிறாள். அவ்வளவுதான் கதை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீன்காரிக்கு ஒரு பேர் வச்சிருக்கலாம்டி" என்றாள். அம்மா பேரையே வைத்தேன். அபயாம்பாள்.

2003 ஆடித் திருவிழா மலரில் வந்தது. செயலாளர் அனந்தராமன் எழுத்துப் பிழை மட்டும் பார்த்து அச்சுக்கு அனுப்பியிருந்தார். பக்கத்தில் சாங்வியில் ஒரு வீட்டுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த மாமியார்தான் முழுசாகப் படித்தார். அவர் போனில் சொல்ல, கேட்டவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கோயில் ஹாலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மலர்களை வீடு வீடாகத் திரும்ப வாங்கி ஹாலில் அடுக்கியிருந்தார்கள். கதைப் பக்கங்களைக் கிழிக்கணும், இனிமேல் சாமி வருகிற கதையே மலரில் கூடாது, கதையை வாபஸ் வாங்குகிறேன் என்று நான் கைப்பட எழுதித் தரணும். கேட்டது நிர்மல், இளைஞர் அணித் தலைவன், சாஃப்ட்வேர்க்காரன். எந்த வரி தப்பு, காட்டு என்று மலரை நீட்டினேன்.

"எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மேட்டர் தெரியும்."

"படிக்க வரலை, புண்பட மட்டும் வருது."

யாரும் சிரிக்கவில்லை. பிடிக்கவில்லையென்றால் என்னைத் திட்டி ஒரு கதை எழுதுங்கள், அடுத்த மலரில் போடுங்கள் என்றேன். நான் தொட்டது நான் எழுதிய அம்மனைத்தான், கருவறையில் இருப்பவளைத் தொட என்னை எப்போது விட்டீர்கள் என்றும் கேட்டேன். அனந்தராமன் கதையைத் தப்பென்று சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"கதை போனா இன்னொண்ணு எழுதிக்கலாம்மா. கோயில்ல கல்லு விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"

எழுதித் தர மாட்டேன் என்று எழுந்தேன். நிர்மல் புகார் மனுவை என் பக்கம் தள்ளினான். 'இக்கதையைப் படித்து மனம் புண்பட்ட பக்தர்கள்.' கீழே பக்கம் பக்கமாகக் கையெழுத்து, எல்லாம் இங்கிலீஷிலும் மராத்தியிலும். கடைசியில் ஒன்றே ஒன்று தமிழில். அபயாம்பாள். ரேஷன் கார்டுக்காக நான் மூன்று மாசம் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த கையெழுத்து.

பின்கட்டில் அம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கையெழுத்துப் போடலைன்னா கோயில் சாவியத் திருப்பிக் குடுன்னாங்கடி. நீ படிச்சவ, எங்க போனாலும் பொழைச்சுக்குவ. எனக்கு இந்தக் குழாயடிதான்."

திரும்பிப் போய் எழுதிக் கொடுத்தேன்.

உடனே கிழிக்க உட்கார்ந்தார்கள். நிர்மலின் ஆட்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று பக்க எண் சொல்லவேண்டியிருந்தது. சொன்னது நான்தான். அம்மாவும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. அந்தக் கதையில் அவளால் படிக்க முடிந்தது ஒரே ஒரு சொல். ஒவ்வொரு மலரிலும் தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கிழித்தாள்.